சத்தம் வருவதற்கு முன் புவனா வைத்த இடைவெளி

வியாழக்கிழமை காலை ஸ்ரீ கெம்பாங்கானில் எங்கள் பட்டறையைத் திறந்து விளக்கைப் போட்டபோது ரவி அழைத்தார். புவனாவின் கணவர்.

"முரளி, புவனா போயிட்டா."

"எப்ப?"

"விடியக்காலைல. தூக்கத்துலயே."

கணையத்தில் புற்றுநோய் என்று தீபாவளிக்குப் பிறகுதான் தெரிந்தது. பங்குனி பிறப்பதற்குள் முடிந்துவிட்டது.

இதை எங்களிடம் ஆம்ப்ளிஃபயர் வாங்கியவர்களுக்காக எழுதுகிறேன். உங்களில் பெரும்பாலோர் புவனேஸ்வரியை நேரில் பார்த்ததில்லை. கேள்வி கேட்டால் பதில் எழுதுவது நான்; அவர் நம் வாடிக்கையாளர் குழுவில் எட்டிப் பார்ப்பதோடு சரி. ஆனால் கைப்பேசிக்கும் ஹெட்போனுக்கும் நடுவே நீங்கள் மாட்டும் அந்தச் சின்னப் பெட்டியின் உள்ளே இருப்பதெல்லாம் அவர் வரைந்தது.

புவனா பிரிக்பீல்ட்ஸில் வளர்ந்தவர். அப்பா அரசாங்கக் குமாஸ்தா. நானும் அவரும் கார் ரேடியோ வடிவமைக்கும் ஒரு தொழிற்சாலையில் பக்கத்துப் பக்கத்து மேசையில் வேலை பார்த்தோம். அந்தப் பிரிவை மூடியபோது, வேறு வேலை தேடுவதற்குப் பதிலாக ஒரு கடைவரிசையின் மாடியை வாடகைக்கு எடுத்தோம். மின்சுற்று அவருடையது. அதற்குள் ஓடும் நிரலும் வாடிக்கையாளர்களோடு பேசுவதும் என்னுடையவை.

முதல் மாடல் நன்றாகவே போனது. கிள்ளானிலிருந்து ஒருவர் மட்டும் பெட்டியைத் திருப்பித் திருப்பி அனுப்பினார். துறைமுகத்தில் வேலை செய்து ஓய்வு பெற்ற செல்லையா அங்கிள். "இடது பக்கம் கேக்குது, வலது பக்கம் கேக்க மாட்டேங்குது" என்பார். நாங்கள் மாட்டிப் பார்த்தால் இரண்டு பக்கமும் சரியாகவே இருக்கும். மறுபடி வந்தபோது நான் வேறொன்றைக் கொடுத்துவிடலாம் என்றேன். புவனா கார் சாவியை எடுத்தார். "கிள்ளானுக்குப் போலாம் வா. அவரு வீட்டுல எப்படிக் கேக்குறாருன்னு பாக்கணும்."

அங்கிளின் மனைவி பக்கவாதம் வந்து உள்ளறையில் படுத்திருந்தார். மதியம் அவர் கண் அசரும்போதுதான் அங்கிள் ஹாலில் உட்கார்ந்து பாட்டுக் கேட்பார். "அவ கூப்பிட்டா எனக்குக் கேக்கணும் லா. அதான் கொஞ்சமா வைப்பேன்" என்று குமிழைத் திருப்பிக் காட்டினார். திருப்பினார் என்றுகூடச் சொல்ல முடியாது. தொட்டார், அவ்வளவுதான். புவனா ஹெட்போனை மாட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் கேட்டார். பிறகு என்னிடம் நீட்டினார். பாடுகிறவர் என் இடது காதுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். வலது பக்கம் காலி.

காரணம் புவனாவுக்கு அங்கேயே தெரிந்துவிட்டது. சாதாரண வால்யூம் குமிழுக்குக் கீழே இரண்டு கரிப்பூச்சுப் பட்டைகள் இருக்கும், காதுக்கு ஒன்றாக. சத்தம் கூடுதலாக இருக்கும்போது அவற்றுக்கு இடையிலான வித்தியாசம் தெரியாது. ஆகக் குறைவாக வைத்தால் ஒன்று முந்தும், மற்றது பிந்தும். நாங்கள் இருவரும் பட்டறையில் உரக்க வைத்தே சோதித்திருந்தோம்.

திரும்பி வரும் வழியில் ஜாம். புவனா ஸ்டியரிங்கைப் பார்த்தபடி சொன்னார்: "சத்தத்தைக் கூட்டுறது யாரு வேணும்னாலும் செய்வாங்க முரளி. கொறச்சு வச்சாலும் பாட்டு பாட்டா இருக்கணும்."

அடுத்த மாடலில் கரிப்பட்டையே இல்லை. குமிழ் எந்த நிலையில் இருக்கிறது என்பதை மட்டும் நிரல் படிக்கும். படிப்படியாகச் சத்தத்தை மாற்றுவது ஒரு மின்னணுச் சில்லு. இரண்டு காதுக்கும் ஒரே அளவு. பாதிச் சுற்று வரை மெதுவாக ஏறும்படி புவனா அமைத்தார், அங்கிளைப் போன்றவர்களுக்கு இடம் வேண்டும் என்று. மாதிரிப் பெட்டி தயாரானதும் அவர் பல நாள் அதைக் காதில் மாட்டிக்கொண்டே வேலை செய்தார்.

ஒரு மதியம் பேட்டரி இறங்கியது. மின்சாரம் தடுமாறி, சில்லு அணைந்து மறுபடி விழித்தது. விழித்தபோது குமிழைக் கேட்கவில்லை. முழுச் சத்தத்தில் திறந்துகொண்டது. புவனா ஹெட்போனைப் பிய்த்து எறிந்தார். அது சுவரில் பட்டு விழுந்ததும் எனக்கே பாட்டு கேட்டது. "நல்லவேளை, நம்ம காதோட போச்சு" என்று சிரித்தார். பிறகு மேசையில் குனிந்து, இடது காதைப் பொத்திக்கொண்டு அப்படியே இருந்தார்.

மறுநாளும் அந்தக் காதில் விசில் போன்ற இரைச்சல் நிற்கவில்லை. காது டாக்டர் மருந்து கொடுத்தார், பிறகு பழகிக்கொள்ளச் சொன்னார். கடைசி வரை நிற்கவில்லை. "குக்கர் மாதிரி. யாரும் எறக்க மாட்டேங்குறாங்க" என்பார், கேட்டால். கேட்காவிட்டால் சொல்ல மாட்டார்.

நம் பெட்டியை ஆன் செய்ததும் ஒரு மூச்சு நேரம் ஒன்றும் கேட்காது. பிறகு சத்தம் மெதுவாக எழும்பும். உங்களில் பலர் அது பழுதா என்று எனக்கு எழுதியிருக்கிறீர்கள். பழுதில்லை. அந்த மதியத்துக்குப் பிறகு புவனா வைத்தது. மின்சாரம் நிலைப்படும் வரை, குமிழை நிரல் படித்து முடிக்கும் வரை, ஹெட்போனுக்குப் போகும் வழியை ஒரு சின்ன சுவிட்ச் அடைத்தே வைத்திருக்கும். பேட்டரி தடுமாறினால் முதலில் அதுதான் மூடும். காரணத்தை வெளியே சொல்ல அவர் விடவில்லை. "பாவம்னு வாங்குவாங்க. வேணாம்."

அந்த இடைவெளியால் ஒரு பெரிய வாய்ப்பும் போனது. தலைநகரில் சில கடைகள் வைத்திருந்த கென்னி என்ற வியாபாரி பெட்டியை எடுத்து விற்க முன்வந்தார். ஆனால் அவருக்கு இரண்டு மாற்றங்கள் வேண்டும். ஆன் செய்ததும் உடனே பாட வேண்டும். குமிழைக் கொஞ்சம் திருப்பினாலே உரக்கக் கேட்க வேண்டும்.

"கஸ்டமர் கடையில ஒரு நிமிஷம்தான் நிப்பான், மேடம். கொஞ்சம் திருப்பினா டமார்னு வரணும். அப்பதான் பவர் இருக்குன்னு நம்புவான்" என்று ஆங்கிலத்திலும் மலாயிலும் மாற்றி மாற்றிச் சொன்னார்.

"மிச்சத் திருப்பம் எதுக்கு பாஸ்? அதுல என்ன கேப்பான்?" என்று புவனா கேட்டார்.

"யாரும் அவ்ளோ தூரம் போக மாட்டான் லா."

"அப்ப கொறச்சலா, நுணுக்கமா வைக்கணும்னா எங்க வைப்பான்?"

கென்னி சிரித்தார். கோபப்படவில்லை. கை குலுக்கிவிட்டு இறங்கிப் போனார், பிறகு வேறொருவரின் பெட்டியை எடுத்துக்கொண்டார். அது நன்றாக விற்றது என்பதையும் சொல்ல வேண்டும். நாங்கள் நேரடியாக உங்களுக்கு விற்கும் சின்னக் கடையாகவே இருந்துவிட்டோம். அன்று மாலை புவனா படிக்கட்டில் உட்கார்ந்து, "நான் தப்புப் பண்ணிட்டேனா?" என்று கேட்டார். "தெரியல" என்றேன். "எனக்கும்தான்" என்றார். மறுநாள் அதே பெட்டியைச் செய்தோம்.

புவனாவால் தன் காதை நம்ப முடியாமல் போன பிறகு, அளவுகளைக் கருவி பார்த்துக்கொண்டது. கடைசியாகக் கேட்டுச் சொல்வதைச் செல்லையா அங்கிள் செய்தார். ஒவ்வொரு மாதிரியும் கிள்ளானுக்குப் போகும். புவனா போனை ஸ்பீக்கரில் போட்டுக் காத்திருப்பார். "பாடுறவரு நடுவுல நிக்குறாரு, புவனா" என்று அங்கிள் சொன்னால்தான் மேலே வேலை நடக்கும். இடையில் அவருடைய மனைவி காலமானார். இப்போது உரக்கவே வைக்கலாமே என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை. அவரும் வைக்கவில்லை.

புவனாவின் தகனத்துக்கு அங்கிள் கிள்ளானிலிருந்து ரயிலில் வந்தார். ரவியின் கையைப் பிடித்துக்கொண்டு, "இஞ்சினியரம்மா எங்க வீட்டுத் தரையில உக்காந்து பாட்டுக் கேட்டாங்க" என்றார்.

நானும் புவனாவும் அதிகம் சண்டை போட்டது புது மாடலுக்காக. குமிழ் சட்டைப்பைக்குள் தானாகத் திரும்பிவிடுகிறது. அதை எடுத்துவிட்டு இரண்டு பட்டன் வைக்கலாம் என்பது என் கட்சி. "பட்டன்ல கைக்கு ஒண்ணும் தெரியாது" என்பது அவருடையது. சத்தம் போட்டுப் பேசுவோம். பசித்ததும் கீழே இருக்கும் வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்கு இறங்கிவிடுவோம். கடைக்கார அண்ணனுக்கு எங்கள் குரல் மாடியிலிருந்து கேட்டிருக்கும். சோறு போடும்போதே, "இன்னிக்கு யாரு ஜெயிச்சது?" என்பார். அதற்குள் புவனா ரசத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்திருப்பார்.

ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பார்த்தபோதும் அதையே பேசினோம். "நீயே முடிவு பண்ணு முரளி. நான் இல்லைங்கிறதுக்காகக் குமிழ் வைக்காத" என்றார். அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது இதைத்தான். வரைபடங்களை அல்ல; அவை பட்டறையில் இருக்கின்றன, யார் வேண்டுமானாலும் படிக்கலாம். ஒருவரோடு முழுதாக மாறுபட்டும் அவருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க முடியும் என்பதை எனக்கு வேறு யாரும் காட்டவில்லை.

நேற்று யோசித்து, பட்டன் என்றே முடிவு செய்து வரைபடத்தைத் தயாரிப்பவர்களுக்கு அனுப்பினேன். பிறகு சாப்பிட இறங்கினேன். கடைக்கார அண்ணன் ஊருக்குப் போய்விட்டு அன்றுதான் திரும்பியிருந்தார். இலையைப் போட்டுக்கொண்டே, "இன்னிக்கு யாரு ஜெயிச்சது?" என்று கேட்டார்.

"நான்தான்" என்றேன். அதன் பிறகுதான் அவருக்கு விஷயத்தைச் சொன்னேன்.