நீலம் அதிகமான சட்டை

"ஆண்டவர் என்னை அடியோட மாத்திட்டாருங்க" என்று போன ஞாயிறு ஆராதனையில் ஒருத்தர் சாட்சி சொன்னார். சபையே அல்லேலூயா போட்டது. பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்த அவர் மனைவி, முழங்கைக் காயத்தை முந்தானையால் மூடினாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

என் அப்பாவும் வாராவாரம் இதையேதான் சொல்வார். ஏரியூர் பக்கம் தகரக் கூரை போட்ட ஜெபவீடு. உள்ளே வேர்வை நாறும். கஞ்சிராவைத் தட்டிக்கொண்டு எல்லாரையும்விடச் சத்தமாகப் பாடுவார். வீட்டுக்கு வந்தால் அதே கையால் அம்மாவை அடிப்பார்.

அப்போது எனக்குப் பத்து வயசு. ஒரு ஞாயிறு அவர் சாட்சி சொல்லி முடித்ததும் அம்மா எழுந்தாள்.

"பாஸ்டரய்யா, இன்னைக்குக் காத்தால கூட அடிச்சாருங்க. சட்டைக்கு நீலம் அதிகமாப் போட்டுட்டனாம். நீங்களே பாருங்க."

எல்லாரும் பார்த்தார்கள். அப்பாவின் வெள்ளைச் சட்டைக் காலர் முழுக்கத் திட்டுத்திட்டாக நீலம். பாஸ்டர் அவசரமாகப் பாட்டை ஆரம்பித்தார்.

"பாட்டு அப்புறம் பாடலாங்க. மொதல்ல இவரக் கேளுங்க."

அப்பா கஞ்சிராவைக் கீழே வைத்தார். "நெசந்தானுங்க" என்றார். அவர் சொன்னதிலேயே அது ஒன்றுதான் சாட்சி. ஒரே நாளில் பரிசுத்தவானாகிவிடவில்லை. வாய் அப்படியேதான் இருந்தது. ஆனால் அதற்கப்புறம் கை ஓங்கவில்லை. அம்மா கை தட்டிப் பாடியதை அதற்கப்புறம்தான் பார்த்தேன்.

போன ஞாயிறும் கீபோர்டு அவசரமாகத் தொடங்கியது. நான் எழுந்தேன்.

"பாட்ட நிறுத்துங்க. அந்த அக்கா இன்னும் சாட்சி சொல்லல."