இராமையாவின் பேருக்கு நான் கொடுத்த பதில்

இராமையா அண்ணன் செத்ததற்கு நான்தான் காரணம். இந்த ஒரு வரியை எழுத எனக்கு இருபது வருடம் பிடித்திருக்கிறது. எத்தனையோ முறை பேனாவை எடுத்து, சாமி படத்தைப் பார்த்துவிட்டு மூடி வைத்தேன்...

என்னை நீங்கள் வானொலி நாடகங்களில் கேட்டிருப்பீர்கள். துரை, பூசாரி, குடிகாரன் எல்லாம் நான்தான். பிறகு சில படங்கள், இப்போது டெலிவிஷன். முதல் மேடை எதுவென்று கேட்டால் கோயில் திருவிழா என்பேன். அது பொய்.

மலைநாட்டில், மடுல்சீமையில் எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பெரட்டுக் களம்தான் என் முதல் மேடை. விடிந்ததும் ஆண்களை வேலைக்குப் பிரிக்கும் இடம். பனியில் முகம் தெரியாது. கங்காணி பேரைக் கூப்பிடுவார், குரல் கேட்டால் பதிவார். குரல் வராவிட்டால் நாங்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளுக்கு ஆள் அனுப்பித் தேடுவார்.

லயத்தில் எனக்கு அடுத்த காம்பராவில் குடியிருந்த இராமையா அண்ணன் அன்று வரவில்லை. நான் வரிசையின் கடைசியில் தனியாக நின்றேன்.

"இராமையா!"

"வந்துட்டேங்க" என்றேன், அவருடைய கரகரத்த குரலில்.

"வாயத் தொறக்க இவ்வளவு நேரமா? செடி கவ்வாத்து வெட்டப் போடா."

அன்றைய கூலிக்கு அவருக்குப் பேர் விழட்டும் என்றா செய்தேன்? கங்காணி ஏமாறுகிறாரா என்று பார்க்கவா? இரண்டாவதுதான்... கடவுளுக்குத் தெரியும்.

விடியுமுன் விறகுக்குப் போனவர் லயத்துக்குப் பின்னால் பள்ளத்தில் விழுந்து கிடந்திருக்கிறார். சாயங்காலம்தான் கண்டார்கள். மதியம் வரை உயிர் இருந்திருக்கும் என்றார் டிஸ்பென்சரி ஐயா.

"என் காதால கேட்டேன், அவன்தான் பேசுனான்" என்று கங்காணி கோயிலில் சூடம் அணைத்துச் சத்தியம் செய்தார். உயிர் ஊசலாடும்போதே அவர் ஆவி வந்து பேர் கொடுத்தது என்று லயமே நம்பியது.

"சாகையிலயும் வேலைக்கு வந்துட்டுப் போயிருக்கு பாரு, என் மனுசன்" என்றார் அவர் மனைவி லெச்சுமி அக்கா. வருடாவருடம் அந்தக் களத்தில் விளக்கு வைத்தார். பக்கத்தில் நின்று நானும் கும்பிட்டேன்.

சில வருடம் கழித்து வானொலியில் எனக்குப் பேர் வாங்கித் தந்த முதல் வேடம் ஒரு தோட்டத்துத் தகப்பன். அதற்கு வேறு குரல் வரவில்லை. ஊருக்குப் போனபோது அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எங்க ஆளு பேசுன மாதிரியே இருந்துச்சு தம்பி. இன்னொருக்கா பேசிக் காட்டுறியா?"

பேசிக் காட்டினேன்...

வருடந்தோறும் கதிர்காமத்துக்கு நடந்து போகிறேன். அங்கே சாமியிடமும் இதைச் சொல்ல வாய் வருவதில்லை. மடுல்சீமைப் பக்கம் போகிறவர்கள் அக்காவுக்கு இதைப் படித்துக் காட்டுங்கள். ஒரு சொல் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். உங்கள் சொந்தக் குரலில் படியுங்கள். நான் போய்ச் சொன்னால், அண்ணன் குரலில்தான் வரும்.