கல்லுப்பெட்டியைக் கடித்த நாய்

ராஜபாளையத்தில் அப்பா வைத்திருந்த சலூன் இன்று செல்போன் கடை. சவரக்கத்தி தீட்டும் கல்லை அவர் வைத்திருந்த தேக்குப்பெட்டி மட்டும் என்னிடம் மிஞ்சியது. நேற்று அதை உப்புத்தாளால் தேய்த்தபோது, எண்ணெய்ப் பிசுக்குக்கு அடியிலிருந்து லேசாக நெய்வாசனை வந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து கல்லுப்பெட்டியும் பால்கோவாவும் ஒரே பையில் வந்த வாசனை அது. ஏழு வயதில் அந்த வாசனையை நம்பித்தான் இறுகிக் கிடந்த மூடியைப் பல்லால் கடித்து இழுத்தேன். பழியை எங்கள் நாயின் மேல் போட்டேன்.

தடத்தைப் பார்த்த அப்பா, "ஏட்டி, நம்ம நாய்க்கும் முன்பல்லு ரெண்டு விழுந்துட்டா?" என்றார். நான் ஓடிப்போய் நாயின் வாயைப் பிளந்து பார்த்தேன். எல்லாப் பல்லும் இருந்தது.

இப்போது மூடியில் தடம் தெளிவாகத் தெரிகிறது, நடுவே இரண்டு பல் அகல இடைவெளியோடு. அன்று அப்பா பார்த்துக்கொண்டிருந்தது, பொக்கைவாயைத் திறந்து சத்தியம் செய்துகொண்டிருந்த என்னைத்தான்.