செல்வராஜ் பேருக்குக் கீழ விழுந்த வரி

நீங்க சிரிப்பீங்கன்னு தெரியும், சிரிச்சிட்டுப் போங்க. பேய் பிசாசுன்னா எனக்கு அப்பவும் நம்பிக்கை இல்ல, இப்பவும் இல்ல. வேப்பிலை அடிக்க வந்த ஆளுங்கள வாசல்லயே வச்சு விரட்டினவ நான்.

தொண்ணூறுகள்ல மாத்தளை டவுன் கடையொன்னுல டைப்பிங் வேலை. ஆளப் புடிச்சிட்டுப் போயிட்டாங்கன்னு வர்ற சனங்களுக்கு மனு அடிக்கிறதே என் பொழப்பாப் போச்சு. ஒரே இங்கிலீசு மனுதான், பேரையும் தோட்டத்தையும் மட்டும் மாத்திக் குடுப்பேன், அத்தன பேரு வந்தாங்க, அடிச்சு அடிச்சு என் விரல்தான் தேஞ்சது.

அன்னைக்குக் காலையில பல்லேபொல பக்கமிருந்து ராக்கம்மா அக்கா வந்தாங்க. புருஷன் செல்வராஜ் தம்புள்ளைக்கு மரக்கறி லொறியில போனவரு, வழியில ஆமிக்காரங்க இறக்கி கேம்புக்குக் கொண்டு போயிட்டாங்க. "மிஸ், கேம்புல பெரிய மாத்தயா, அந்த ஆபீசரு, பகல் வரைக்கும்தான் இருப்பாராம், வெரசா அடிச்சுத் தாங்க"ன்னு கையப் புடிச்சிக்கிட்டாங்க.

மனு இருந்த டிஸ்கெட்டக் கொம்பியூட்டர்ல போட்டேன். அதுல எனக்குத் தெரியாத ஃபைல் ஒன்னு கெடந்துச்சு, என்னான்னு தொறந்து பார்த்தேன், மடச்சி. அதுக்கப்புறம் செல்வராஜ்னு அடிச்சாலே, 'இந்தப் பேர்ல இங்க யாரும் இல்ல'ன்னு இங்கிலீசுல ஒரு வரி தானா வந்து விழுது. அழிச்சா திரும்ப வருது. கொம்பியூட்டர் திருத்துறவருக்குக் கோல் எடுத்தேன். "அப்படி ஃபைல் இருக்கு மிஸ், எவனோ கொழுப்பெடுத்தவன் வேல, வாசிச்சாலே கீயெல்லாம் மாறிரும், ஓஃப் பண்ணிட்டுப் போடுங்க, போயிரும்"னாரு. போட்டேன். எங்க போச்சு?

நேரம் போகுது, அக்கா அழுவுறாங்க. சனியன விட்டுத் தொலைன்னு மூலையில கெடந்த பழைய டைப்ரைட்டர்ல கார்பன் வச்சு அடிச்சேன். ரெண்டு தடவ வாசிச்சுப் பார்த்துத்தான் குடுத்தேன், நம்பினா நம்புங்க, அந்த வரி அதுல இல்ல.

பின்னேரம் அக்கா அதே கடதாசியோட திரும்பி வந்தாங்க. மாத்தயா வாசிச்சிட்டுச் சிரிச்சாராம், "இல்லன்னு நீயே எழுதியிருக்கியே, அப்புறம் என்னத்தக் கேக்குற"ன்னு வீசினாராம். "என்னா மிஸ் எழுதியிருக்கு?"ன்னு கேட்டாங்க, இங்கிலீசு தெரியாத மனுஷி. வாங்கிப் பார்த்தேன். செல்வராஜ் பேருக்குக் கீழ அந்த வரி.

"பொறுத்திருக்கச் சொல்லியிருக்குக்கா"ன்னு பொய் சொன்னேன், பாவி. அவரு வரவே இல்ல. அக்கா இன்னமும் பொறுத்துக்கிட்டு இருக்காங்க.

கார்பன் காப்பி என்கிட்டதான் இருக்கு, அதுலயும் அந்த வரி விழுந்திருக்கு. அந்தப் பழைய டைப்ரைட்டர்ல இங்கிலீசு 'ஈ' எழுத்து உடைஞ்சது, எப்பவும் பாதிதான் விழும். மனு பூரா அப்படித்தான் இருக்கு. அந்த ஒரு வரியில மட்டும் முழுசா விழுந்திருக்கு.