மாங்காய்க் கை

இன்றைக்கு நினைத்தாலும் வயிறு எரிகிறது. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னைக் கைகழுவியதற்குக்கூட நான் கோபப்படவில்லை. அதில் நியாயம் இருந்தது. ஆனால் அத்தனை பேர் நடுவில், மைதானத்தில் வைத்து, என்னை ஏமாற்றுக்காரன் என்றது எந்த ஊர் நியாயம்?

அப்போது மர்பி டவுனில் இருந்தோம். கிரிக்கெட் பயிற்சிக்குப் பையன்களைப் பொறுக்குகிறார்கள், பொறுக்கப்பட்டவனுக்குக் கான்வாஸ் ஷூ உண்டு என்று மாமா சேதி கொண்டுவந்தார். மாமா என்றால் அம்மாவின் தம்பி. என் பந்துவீச்சைத் தெருவெல்லாம் பேசுகிறவர். அவரிடம் சைக்கிள் இருந்தது. என்னை மட்டும் அதில் ஏற்றவே மாட்டார். பக்கத்து வீட்டுக் கோழிகூடக் கூடையில் உட்கார்ந்து அந்த சைக்கிளில் சிவாஜிநகர் சந்தைக்குப் போயிருக்கிறது. அன்றைக்கும் அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடக்க, நான் பக்கத்தில் ஓடினேன்.

பயிற்சியாளர் பட்டாளத்திலிருந்து வந்தவர். பந்து எங்கே போகிறது என்று பார்க்காமல், பக்கவாட்டில் குந்திக்கொண்டு ஒவ்வொருவன் முழங்கையையும் பார்த்தார். சோற்றை விட்டுவிட்டுக் கரண்டியை ருசி பார்க்கிற ஆள். நான் போட்ட பந்தில் நடு ஸ்டம்பு பெயர்ந்து விழுந்தது.

"சார், மாங்கா அடிக்கிறான் சார்," என்றான் ஏற்கெனவே ஷூ போட்டிருந்த ஒருவன். மாங்காய்க்குக் கல் விடுகிற மாதிரி கையை மடக்கி எறிகிறேனாம்.

"எங்க தெருவுல மாமரமே இல்ல சார்," என்றேன். எல்லோரும் சிரித்தார்கள்.

பயிற்சியாளர் சிரிக்கவில்லை. கையை நீட்டச் சொன்னார். நீட்டினேன். அவர் அழுத்தியும் முழங்கை முழுசாக நிமிரவில்லை. மாமாவிடம் திரும்பினார்.

"எப்பவாச்சும் உடைஞ்சி இப்படியே கூடிப்போச்சா? அப்படின்னா குத்தமில்ல, எடுத்துக்குறேன். இல்ல, வேணும்னே வெறைச்சிக்கிட்டு மடக்குறானா?"

எந்த இடத்திலும் வாய் ஓயாத மாமா, சைக்கிள் பெல்லைத் துண்டால் துடைத்தார். "அதெல்லாம் ஒண்ணும் உடையலீங்க சார்."

நானாவது வாயை மூடியிருக்கலாம். "எங்க வீட்ல யாருக்கும் கை உடையாது சார். நாங்கதான் உடைப்போம்."

"அப்ப ஏமாத்துறான். கூட்டிட்டுப் போ."

வழியெல்லாம் அழுதேன். மாமா ஒரு கையால் சைக்கிளைத் தள்ளி, மறு கையால் என் முழங்கையைத் தடவிக்கொண்டே வந்தார்.

"பார்லயாவது ஏத்திக்க மாமா. கால் வலிக்குது."

"வேணாண்டா கண்ணு. நடந்தே பூடலாம்."

இரண்டு வயதில் நான் விழுந்தது அந்த சைக்கிள் பாரிலிருந்துதான். வெறும் சுளுக்கு என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, மாமாவே முட்டை வெள்ளைக்கருவைத் தடவி, மூங்கில் பத்தை வைத்துக் கட்டியிருக்கிறார். கை கோணலாகக் கூடிவிட்டது. இதை அவர் என்னிடம் சொல்வதற்கு எனக்குக் கல்யாணமே ஆக வேண்டியிருந்தது. அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம், ஒரு கோழிக்குக் கிடைத்த சவாரி எனக்குக் கிடைக்கவில்லை என்பதுதான்.