எர்மெலிந்தாவின் வழியனுப்புச் சாப்பாடு

என் அண்ணி எர்மெலிந்தாவுக்குக் கால்பந்தைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. ஆஃப்சைடு என்றால் என்ன என்று இன்றைக்குக் கேட்டாலும் திருதிருவென்று முழிப்பாள். ஆனால் அர்ஜென்டினாவில், இந்த ரொசாரியோவில் எங்கள் கிளப் வளர்த்து விற்ற பையன்களில் பாதிப் பேர் அவள் கையால் தின்று வளர்ந்தவர்கள். பெருமைக்குச் சொல்லவில்லை. அவர்களுடைய காலுறைகளைத் துவைத்தவள் என்கிற உரிமையில் சொல்கிறேன். அந்த நாற்றம் எனக்கல்லவா தெரியும்!

பெரிய ஆட்டக்காரர்களை விலைக்கு வாங்க எங்கள் கிளப்புக்கு ஏது வக்கு? அதனால் என் அண்ணன் ஒஸ்வால்தோ வடக்கே சாக்கோ, ஃபார்மோசா என்று புழுதி மைதானங்களாகச் சுற்றி, மீசை முளைக்காத பிள்ளைகளைப் பொறுக்கிக்கொண்டு வருவார். அம்மாக்களிடம் பேசி, கூடவே அழுது, அழைத்து வந்து எங்கள் விடுதியில் கட்டில் போட்டுத் தருவார். நன்றாகத் தேறுகிறவனை ஐரோப்பாக்காரனுக்கு விற்று, அந்தக் காசில் அடுத்த கூட்டத்தை வளர்க்க வேண்டும். தேறாதவனை டிசம்பரில் கழற்றிவிட வேண்டும். யார் யார் போகிறார்கள் என்று எல்லோரையும் நிற்க வைத்து ஒஸ்வால்தோ வாசிப்பார். கழுத்தை அறுக்கிற வேலைதான், ஆனால் அதில்தான் எங்கள் அடுப்பும் எரிந்தது.

எந்தக் கட்டில் காலியாகும் என்பதை மட்டும் அண்ணிக்கு முந்தின நாளே சொல்லிவிடுவார். அவளுக்கு மனசு கேட்காது. அந்தப் பையன் எந்த ஊர்க்காரனோ அந்த ஊர்ச் சாப்பாட்டை அன்று மதியம் சமைத்துவிடுவாள். ஒரு வார்த்தை சொல்ல மாட்டாள். வெறும் வயிற்றோடு போக வேண்டாமே என்பதுதான் அவள் எண்ணம். தின்கிற வயசுப் பையன்களுக்குத் தட்டில் வருவதன் கணக்குப் புரியாமல் இருக்குமா? இரண்டு டிசம்பரிலேயே புரிந்துகொண்டுவிட்டார்கள். புரிந்துகொண்டார்கள் என்பது மட்டும் எங்கள் இருவருக்கும் தெரியாது.

எவேலியோ ஃபார்மோசாக்காரன். பதினைந்து வயதில் வந்தான். வந்த புதிதில் தினமும் தலையணை உறையை நனைத்துவைப்பான், நான் மாற்றுவேன். பிறகு அடுக்களையே கதி என்று ஆகிவிட்டான். பயிற்சி முடிந்ததும் உருளைக்கிழங்கு உரிக்க உட்கார்ந்துவிடுவான்.

"அத்தை, உங்க நாத்தனார் என்னை மொறைக்கிறாங்க."

"அவ பொறந்ததுலேர்ந்தே அப்படித்தான்டா, நீ உரி."

பிள்ளை இல்லாத அண்ணிக்கு அவன் பிள்ளையானான். இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல என்ன இருக்கிறது? எனக்கும்தான். அவனுக்குப் பத்தொன்பது வயதில் முழங்காலில் அடிபட்டு அந்த வருடம் பாதி ஆட்டம் ஆடவில்லை. டிசம்பர் நெருங்க நெருங்க அவன் முகமே செத்துப்போயிருந்தது.

அப்போதுதான் ஒருநாள் காலையில் ஒஸ்வால்தோ மூச்சிரைக்க அடுக்களைக்குள் வந்தார்.

"எர்மெலிந்தா, நாளைக்கு போர்ச்சுகல்காரங்க வர்றாங்க. நம்ம எவேலியோவைக் கேக்குறாங்க. முட்டி சரியாயிடுச்சான்னு அவங்க டாக்டரே வந்து பாக்குறாரு."

அண்ணி கையிலிருந்த கரண்டியைப் போட்டுவிட்டாள்.

"வாயைத் தொறந்துடாத. விஷயம் கசிஞ்சா பியூனஸ் அயர்ஸ் பெரிய கிளப்புங்க குறுக்கப் பூந்து கலைச்சிடும்."

"பையன்கிட்டயாச்சும் சொல்லலாமா?"

"அவன்கிட்டதான் சொல்லவே கூடாது! அறையில ஒருத்தன்கிட்ட சொல்வான், அவன் ஊருக்கே சொல்வான். ஆனா நாளைக்கு அவன் கண்டிப்பா இங்க இருக்கணும். இல்லேன்னா கோர்தோபால இன்னொருத்தனைப் பாத்து வச்சிருக்காங்க, அங்க போயிடுவாங்க."

அவர் போனதும் அண்ணிக்குக் கால் தரையில் நிற்கவில்லை. சொல்லத்தான் கூடாது, சமைக்கலாமே! சோளமாவும் பாலாடைக்கட்டியும் வெங்காயமும் வாங்கி வந்து, ஃபார்மோசாக்காரர்கள் உயிரை விடும் 'பராகுவே சூப்' செய்தாள். பெயர்தான் சூப், கத்தியால் வெட்டித்தான் தின்ன வேண்டும். மதியம் முதல் துண்டை எவேலியோ தட்டில் வைத்தாள். மற்ற பையன்கள் கரண்டியைக் கீழே வைத்தார்கள். எல்லோரும் அவனையே பார்த்தார்கள். அவன் ஒரு வாய் விடாமல் தின்று முடித்து, "நல்லாருக்கு அத்தை" என்றான். அவள் பூரித்துப்போனாள்.

எல்லோரும் மதியத் தூக்கம் போட்டு எழுந்தபோது அவன் கட்டிலில் விரிப்பு மடித்து வைத்திருந்தது. போன் அணைந்திருந்தது.

"ஃபார்மோசா பஸ்ஸுக்குத்தான்டி போயிருப்பான்!" என்று அண்ணி வீட்டுச் செருப்போடு தெருவில் ஓடினாள். அந்த உடம்பு அப்படி ஓடும் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை. நானும் கூடவே ஓடி, டாக்சி பிடித்துப் பஸ் நிலையத்தில் போய் இறங்கினால், பஸ் உறுமிக்கொண்டு நின்றது. வாசலில் நின்ற ஓட்டுநரை ஒரு தள்ளு தள்ளிவிட்டு ஏறிவிட்டாள், பின்னாலேயே நானும்.

"எறங்குடா கீழ!"

"விட்டுடுங்க அத்தை. எல்லார் முன்னாடியும் என் பேரை வாசிக்கிறப்போ நிக்க என்னால ஆகாது."

"உன்னைக் கழட்டி விடறாங்கன்னு எந்த நாய்டா சொன்னது?"

"நீங்கதான சொன்னீங்க? மதியம் தட்டுல வச்சீங்களே. வருஷா வருஷம் அப்படித்தான சொல்வீங்க."

அண்ணி அப்படியே இருக்கையின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். இத்தனை வருடமும் அவள் ஆசையாகச் சமைத்துப் போட்டதையெல்லாம் அந்தப் பிள்ளைகள் எப்படி விழுங்கியிருப்பார்கள் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. ஓட்டுநர் ஒலிப்பானை அழுத்தினார்.

"மடையா, உன்னை வாங்க வர்றாங்கடா! போர்ச்சுகல்லேர்ந்து! நாளைக்கு!"

ரகசியம் போயிற்று. பஸ் முழுக்கக் கேட்டது. பின்னாலிருந்து ஒருவர், "எந்த கிளப்பு தம்பி?" என்றார். எவேலியோ எங்கள் கிளப் பெயரைச் சொன்னதும் ஓட்டுநர் திரும்பினார்; எதிர் கிளப்பின் கொடி அவர் கண்ணாடியில் தொங்கியது.

"அப்படின்னா கதவைச் சாத்தறேன். ஃபார்மோசாலயே கெடக்கட்டும்."

பஸ்ஸே சிரித்தது. ஆனாலும் அந்த மனிதர்தான் எழுந்து வந்து அவன் பையை எடுத்துக் கீழே கொடுத்தார்.

திரும்பும்போது டாக்சியில் எவேலியோ முன்னால் உட்கார்ந்து அவன் அம்மாவிடம் போனில் அழுதும் சிரித்தும் பேசிக்கொண்டு வந்தான். பின்னால் அண்ணி இடுப்பில் கட்டிய சமையல் துணியால் கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"எதுக்கு அண்ணி அழற? பையனைப் புடிச்சாச்சு. அவன் வாழ்க்கை நல்லாத்தான ஆச்சு?"

"நல்லாத்தான்டி ஆச்சு. நல்லா இருக்கட்டும்." அவன் காதில் விழாமல் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "ஃபார்மோசான்னா ராத்திரி பஸ் ஏறினா காலைல போயிடலாம், சுல்மா. ஒரு ஞாயித்துக்கிழமை போய்ப் பாத்துட்டு வந்திருப்பேன்."

வீடு வரும்வரை அவள் கையைப் பிடித்துக்கொண்டு வந்தேன்.