சுத்தக்காரத் தம்பி

என் தம்பி மென்பொருள் எழுதுபவன். ஈரத்துண்டு நாற்காலியில் கிடக்கும், சாப்பிட்ட தட்டு கட்டிலடியில் தூங்கும். கம்ப்யூட்டர் மட்டும் சுத்தமாக இருக்க வேண்டும். அதனால் கட்டளை தட்டி ஓட்டும் புது மென்பொருள் கருவி ஒன்றை அதில் நேராகப் போடாமல், கம்ப்யூட்டருக்குள்ளேயே கண்டெய்னர் என்ற தற்காலிகத் தனிப்பெட்டி ஒன்றை உண்டாக்கி அதற்குள் நிறுவினான்.

"மூடினா பெட்டி தானா அழிஞ்சிடும்க்கா. குப்பையே சேராது."

அன்று மாலை மேலாளரிடம் அதில் எழுதியதை ஓட்டிக் காட்டினால்தான் வேலை நிரந்தரம். மதியமே பொறுப்பாக மூடிவிட்டான். உள்ளே எழுதி வைத்ததெல்லாம் பெட்டியோடு அழிந்து போயிற்று.

"அய்யோ, எல்லாம் போச்சுக்கா!"

"கம்ப்யூட்டர்லயே போட்டுத் தொலைடா. அழுக்கானா நான் துடைக்கிறேன்."

அப்படியே நிறுவி, அழிந்ததை மறுபடி எழுதி, மாலையில் ஓட்டிக் காட்டி வேலையை நிரந்தரமாக்கிக்கொண்டான். என் தம்பி கெட்டிக்காரன். தட்டு இன்னும் கட்டிலடியில்தான் இருக்கிறது.